டே

டண்டீயில், பெர்த் சாலையின் சரிவில்,
சலவைக் கடைக்கும் சவப்பெட்டிக் கடைக்கும் நடுவே
பன்னிரண்டு நாற்காலிகள்.
கதவின் மேல் ஒரே ஒரு சொல்: டே.

ஆற்றின் பெயர் என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.
ஆறும் தெருக்கோடியில்தான் கிடக்கிறது,
ஈயத் தகடு மாதிரி, பாலத்தைச் சுமந்துகொண்டு.
ஆனால் அது சியூ எங்கின் குடும்பப் பெயர்.
தோ பாயோவில் ஒரு தபால் பெட்டியின் மேல்
அவள் அப்பா ஒட்டிவைத்தது.
தமிழில் எழுதினால்
யாரோ யாரையோ அதட்டிக் கூப்பிடுகிற ஒலி.

புதன்கிழமை. மழையா பனியா என்று
தானே தீர்மானிக்காத ஒன்று சன்னலில் அடிக்கிறது.
ஐலாவும் நானும் மூக்கில் நீர் வழிய நுழைகிறோம்.
கண்ணாடி வெளுத்துப்போய்
நான் குருடாகி நிற்கும் அரை நிமிடம்
மூக்குதான் வழிகாட்டி:
இஞ்சி, பூண்டு, கோழிக் கொழுப்பு,
வறுபடும் பெலாச்சானின் நாற்றம்,
மன்னிக்கவும், வாசம்.

ஆரஞ்சு நிற மெலமைன் தட்டு. விளிம்பில் கீறல்.
கோழிச்சோறு என்றால் என்னவோ என்று
முதல் தடவை ஏமாந்தேன்.
வெள்ளைக் கோழி, வெள்ளைச் சோறு, நாலு வெள்ளரித் துண்டு.
ஆஸ்பத்திரிச் சாப்பாடா என்று கேட்டேவிட்டேன்.
சியூ எங் பதில் சொல்லவில்லை.
மிளகாய்ச் சாந்தை என் பக்கம் நகர்த்தினாள்,
பழைய மார்மலேட் சீசாவில்.
அதற்கப்புறம் மூன்று வருடமாக
நான் வேறெதுவும் கேட்டதில்லை.

கேட்பவர் லாக்லன் பெட்ரி.
ரயில் பாலத்துக்கு வண்ணமடித்து
முப்பது வருடம் ஆற்றுக்கு மேலே தொங்கியவர்.
புதன்தோறும் மூலை மேசை, கழற்றாத தொப்பி,
புதன்தோறும் அதே கேள்வி.
"சிங்கப்பூர் நூடுல்ஸ் உண்டா?"
"சிங்கப்பூரில் நான் அதைப் பார்த்ததே இல்லை."
"பெயரிலேயே இருக்கிறதே!"
"பெயர் யாரும் வைக்கலாம்."
பிறகு லக்ஸா. பிறகு வியர்வை. பிறகு எண்ணி வைத்த சில்லறை.

இன்று அவர் கேட்கவில்லை.
தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு
மெனுவை, முதன்முறையாக, படித்துக்கொண்டிருந்தார்.
சியூ எங் காத்து நின்றாள்.
பென்சிலைக் காதில் செருகினாள், எடுத்தாள்.
"கேட்கவில்லையா?"
"இல்லை என்பீர்கள்."

அவள் உள்ளே போனாள்.
டோமெக் வெளியே ஓடினான், ஏப்ரனோடு,
எதிர்க்கடைக்கு, கறிப்பொடி வாங்க.
அந்த அடுப்படியில் அதுவரை இருந்திராத பொருள்.
கடாய் சீறியது.
இறால், முட்டை, குடைமிளகாய்,
தலைமுடி போல மெல்லிய அரிசிச் சேமியா,
எல்லாவற்றின் மேலும்
வெட்கமே இல்லாத மஞ்சள்.

இரண்டு முள்கரண்டி கொண்டுவந்தாள்.
ஒன்று அவருக்கு.
மற்றதால் நின்றபடியே தின்றாள்.
ஐம்பத்தாறு வயதில்
தன் ஊரின் பெயரை மென்று பார்ப்பவளின் முகத்தை
நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன்.

"உப்பு குறைவு," என்றாள்.
"சரியாக இருக்கிறது," என்றார்.
"இதை எங்கே தின்றீர்கள்?"
"ஹில்டவுனில். வெள்ளி இரவு, சம்பளக் கவரோடு.
ஃபாயில் டப்பாவில். மழையில். நின்றுகொண்டே."
"அப்படியானால் இது அந்த ஊர்ச் சாப்பாடு."

கரும்பலகையில், லக்ஸாவுக்குக் கீழே, எழுதினாள்:
ஹில்டவுன் நூடுல்ஸ், எட்டரை பவுண்டு.
விலையைப் பார்த்து லாக்லன் முனகினார்.
ஒரு பென்னி குறைக்காமல் வாங்கிக்கொண்டாள்.

எங்களுக்குத் தேநீர் வந்தது, நுரை ததும்ப.
அதற்கும் அவள் பேச்சில்
கிட்டத்தட்ட அதே பெயர்தான்.
யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று
இந்தக் கடையில் சொல்ல முடியாது.

கதவு திறந்து குளிர் வந்தது, பின்னால்
கேமராவோடு இரண்டு வெளியூர்க்காரர்கள்.
"டே... ஆற்றின் பெயரா?"

சுண்ணாம்புக் கையை இடுப்பில் துடைத்தாள் சியூ எங்.
"ஆமாம்," என்றாள். "தூரத்து உறவு."

ஐலா அதற்குள்
என் தட்டிலிருந்த கடைசி வெள்ளரித் துண்டை
எடுத்துக்கொண்டிருந்தாள்.